செண்டுடுக் பூவைக்கொண்டு பரிணாமம் கற்பிப்பது எப்படி

பரிணாமம் என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருபவை குரங்கும் டைனோசரும்தான். செடி வருவதே இல்லை. செடிகளைக் கண்முன் வைத்துக்கொண்டே காணாமல் போகும் இந்தப் பழக்கத்துக்கு அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் வாண்டர்சி, எலிசபெத் ஷுஸ்லர் என்ற கல்வியாளர்கள் 1999ல் ‘தாவரக் குருடு’ என்று பொருள்படும் பெயரொன்றை வைத்தார்கள். உடற்குறையைக் குற்றம்போல் சுட்டும் அந்தச் சொல் வேண்டாம் என்று தாவரவியல் ஆசிரியர்கள் இப்போது வேறு பெயர்களை முன்வைத்தாலும், சிக்கல் அப்படியே இருக்கிறது. வார இறுதிகளில் எங்கள் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கும் நான், பல வழிகளைச் செய்து பார்த்த பிறகு ஒரே ஒரு பூவிடம் வந்து நின்றேன். சிங்கப்பூரில் அது எளிதாகக் கிடைக்கும். டார்வினே விடை காண முடியாமல் விட்ட கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது. ஆய்வாளர்கள் இன்றும் அதை விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். விடை முடிந்துபோன பாடத்தைவிட விடை முடியாத பாடமே பரிணாமத்தைப் புரியவைக்கும் என்பது என் உறுதியான கருத்து. தொடக்கநிலை ஐந்திலிருந்து தொடக்கக்கல்லூரி வரை உள்ள மாணவர்களோடு இதைச் செய்யலாம். கேள்வியின் ஆழத்தை மட்டும் வயதுக்கேற்ப மாற்றிக்கொண்டால் போதும்.

பூவைக் கண்டுபிடித்தல்

மலாய் மொழியில் செண்டுடுக் என்றும், ஆங்கிலம் பேசுவோரிடையே சிங்கப்பூர் ரோடோடெண்ட்ரான் என்றும் வழங்கும் இந்தப் புதர்ச்செடியின் அறிவியல் பெயர் மெலஸ்டோமா மலபாத்ரிக்கம். ரோடோடெண்ட்ரானுக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை. மெலஸ்டோமா என்றால் கிரேக்கத்தில் ‘கறுத்த வாய்’ என்று பொருள். பழுத்து வெடித்த காயின் சதையைத் தின்றால் நாக்கு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்துவிடும். வளமற்ற, அமிலத்தன்மையுள்ள மண்ணில் செழித்து வளர்வதால், கென்ட் ரிட்ஜ் போன்ற குன்றுகளின் இரண்டாம்நிலைக் காட்டோரங்களிலும் திறந்தவெளிகளிலும் இதைக் காணலாம். பூங்காக்களில் நட்டும் வைத்திருக்கிறார்கள். இலையைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம்: அடியிலிருந்து நுனிவரை ஏறத்தாழ இணையாக ஓடும் மூன்று அல்லது ஐந்து நரம்புகள் இருக்கும், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். இதே குடும்பத்தில், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே காட்டுக்குள் பரவிவிட்ட இன்னொரு புதரும் உண்டு. அதன் பூ சிறியது, வெள்ளை நிறம். பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள் என்பதால் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பிலுள்ள இடங்களில் அனுமதியின்றிப் பூவையோ கிளையையோ பறிப்பது சட்டப்படி குற்றம். ஆகவே பூங்காவில் பார்ப்பதும் படமெடுப்பதும் மட்டுமே செய்ய வேண்டும். கையால் தொட்டு, வெட்டிப் பார்க்க வேண்டிய வேலைகளுக்குத் தோட்டக்கடையில் வாங்கித் தொட்டியில் வளர்த்த செடி வேண்டும், அல்லது உரியவரின் இசைவோடு பள்ளித் தோட்டத்திலோ சமூகத் தோட்டத்திலோ உள்ள செடி வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் ஒரு விதியாகச் சொல்லாமல் காரணத்தோடு சொல்லுங்கள்: நாம் பறித்தெடுக்கும் பூவுக்கு அன்று ஒரு தேனீ வரவிருந்தது.

ஒவ்வொரு பூவும் ஒரே நாள்தான் விரிந்திருக்கும். ஆதலால் காலை ஏழரை மணிக்குள் செடியருகே இருப்பது நல்லது. நண்பகலுக்குப் பிறகு போனால் மகரந்தம் பெரும்பாலும் எடுக்கப்பட்டிருக்கும், இதழும் தளர்ந்திருக்கும், பாடம் பாதியாகிவிடும்.

பெயர் சொல்லாமல் பத்து நிமிடம்

முதல் பத்து நிமிடங்களுக்கு எந்த உறுப்பின் பெயரையும் சொல்லாதீர்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சும் ஒரு பென்சிலும் கொடுத்து, கண்ணில் படுவதை வரையச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் பாடநூலில் பார்த்த படத்தைத்தான் வரைவார்கள், எதிரே உள்ள பூவை வரையமாட்டார்கள். ஐந்து ஊதா இதழ்கள், நடுவில் பத்து மகரந்தத்தாள்கள். எண்ணச் சொல்லுங்கள், எண்ணும்போதுதான் அந்தப் பத்தும் ஒன்றுபோல் இல்லை என்பது அவர்களுக்கே தெரியவரும். ஐந்து குட்டையானவை, பளிச்சென்ற மஞ்சள் நிறம். மற்ற ஐந்தும் நீண்டு, அரிவாள்போல் வளைந்து, இதழின் நிறத்திலேயே ஊதாவாக இருக்கும். மஞ்சள் தாள்கள் நடுவில் கும்பலாக நிற்க, ஊதாத் தாள்களின் நுனியும், மகரந்தத்தை ஏற்கும் உறுப்பான சூல்முடியும் நடுப்பகுதியைவிட்டு வெளியே நீண்டிருக்கும்.

கைப்பேசியில் பூவை நேராக ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டுங்கள். ஊதாத் தாள்கள் இதழோடு ஏறக்குறைய கரைந்துபோகும், மஞ்சள் மட்டும் தனித்து நிற்கும். தேனீயின் கண் நம் கண்ணைப் போன்றதல்ல என்பதால் இதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும், “ஒன்று கண்ணில் படுகிறது, இன்னொன்று ஒளிந்திருக்கிறது” என்ற எண்ணத்தைப் பிள்ளைகளின் மனத்தில் ஊன்ற இது போதும். அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பூவில் இரண்டு வகைத் தாள் எதற்கு என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். போன முறை தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு சிறுமி, “அக்கா, அப்ப மஞ்சள் எல்லாம் சும்மா காட்டுறதுக்கா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் சொன்ன சொற்களிலேயே பலகையில் எழுதி வைத்தேன். பாடம் முழுவதும் அது அங்கேயே இருந்தது.

கத்தரிப்பூவும் இசைக்கவையும்

அடுத்ததாகப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது, மகரந்தத்தாளில் மகரந்தத்தை வைத்திருக்கும் பகுதியான மகரந்தப்பை திறக்கும் விதம். செம்பருத்தியில் மகரந்தம் வெளியிலேயே ஒட்டியிருக்கும், விரலால் தொட்டாலே வந்துவிடும். செண்டுடுக்கில் அப்படியில்லை, நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளிவரும், உப்புக்குப்பியின் மூடியில் உள்ள துளைபோல. இத்தகைய மகரந்தப்பை கொண்ட பூச்செடிகள் உலகில் சுமார் 20,000 இனங்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் சமையலறைக்கு வரும் கத்தரியும் தக்காளியும் அவற்றின் பக்கம்தான். செண்டுடுக்கை வீணாக்காமல் இதைக் கத்தரிப்பூவில் செய்து காட்டலாம். தாழ்வாரத் தொட்டியில் ஒரு கத்தரிச்செடி வைத்திருந்தால் போதும்.

ஒரு கறுப்புக் காகிதத்தின் மேல் பூவைத் தலைகீழாகப் பிடித்து முதலில் விரலால் சுண்டுங்கள். சிறிதளவே கொட்டும், சில சமயம் எதுவுமே கொட்டாது. பிறகு பள்ளி இயற்பியல் கூடத்தில் இருக்கும் 256 அல்லது 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, அதன் கிளையை மகரந்தப்பைக் கூம்பின்மேல் மெல்லத் தொடுங்கள். மஞ்சள் பொடி சிறு புகைபோல் எழுந்து காகிதத்தில் படியும். இசைக்கவை கிடைக்காவிட்டால் மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கமே போதும். வீட்டில் தக்காளி வளர்ப்பவர்கள் காய் பிடிக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான் முதன்முறை செய்தபோது பொடி வரவே இல்லை. முந்தைய இரவு பெய்த மழையில் செடி நனைந்திருந்தது, பூவும் முதல் நாள் விரிந்த பழைய பூ. எட்டுப் பிள்ளைகள் காகிதத்தைச் சுற்றிக் குனிந்து நிற்க, நான் கவையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அன்றிலிருந்து முந்தைய மாலையே தொட்டியைக் கூரைக்குள் நகர்த்திவிடுகிறேன், காலையில் புதிதாக விரிந்த பூவையே எடுக்கிறேன்.

இசைக்கவை செய்ததைப் பூவில் தேனீ தன் உடலால் செய்கிறது. மகரந்தப்பையைத் தாடையால் கவ்விப் பிடித்து, சிறகை அடிக்காமலேயே பறக்கும் தசைகளை மட்டும் இயக்கி அதிர்கிறது. அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியாகப் பீய்ச்சி வெளியே வருகிறது. எல்லாத் தேனீக்களுக்கும் இது கைவராது. கூடுகளில் வளர்க்கும் தேனீக்கள் இதைச் செய்வதில்லை. ஆனால் உலகின் தேனீ இனங்களில் பாதிக்கு மேற்பட்டவை இத்திறன் கொண்ட பேரினங்களைச் சேர்ந்தவை என்றும், இப்பழக்கம் ஒரே முறை தோன்றிப் பரவியதல்ல, தனித்தனியே சுமார் 45 முறை தோன்றியிருக்க வேண்டும் என்றும் 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூத்த மாணவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிச் சற்று நிறுத்துங்கள். ஒரே தேவை உள்ள இடத்தில் ஒரே தீர்வு பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எளிதில் கிடைக்காது.

தேனீயைப் பார்த்தல்

இங்கே செண்டுடுக்குக்கு வரும் முக்கிய விருந்தாளி, ஊரில் நாம் கருவண்டு என்று சொல்லும் தச்சுத் தேனீ. சுரும்பு, தும்பி, ஞிமிறு என்று இந்த இனங்களுக்குத் தமிழில் பழம்பெயர்கள் பல உண்டு; அவற்றை நம் முன்னோர் ஒலியை வைத்தே அடையாளம் கண்டிருக்க வேண்டும் என்று செடியருகே நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். பிள்ளைகளையும் முதலில் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். பறக்கும்போது ஒரு சுருதி இருக்கும். பூவில் அமர்ந்து அதிரும்போது அதைவிட உயர்ந்த சுருதியில், விட்டுவிட்டு ஒலிக்கும். அந்த மாற்றத்தைக் காது பிடித்துவிட்டால், தேனீ மகரந்தம் எடுக்கும் கணத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட முடியும்.

இருவருக்கு ஒரு குறிப்புத்தாள், ஒவ்வோர் இணைக்கும் ஒரு கிளை, பதினைந்து நிமிடம். குறிப்புத்தாளில் நேரம், வந்த பூச்சியின் வகை, அதிர்ந்ததா, எந்த நிற மகரந்தத்தாளைக் கவ்வியது, சூல்முடி அதன் உடலில் எங்கே பட்டது ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கடைசிக் கட்டத்தை நிரப்புவதுதான் கடினம், ஆனால் அதுதான் முக்கியம். வீட்டுத் தேனீயும் கொட்டாத சிறு தேனீயும் சிந்திய மகரந்தத்தைச் சூல்முடியைத் தொடாமலே பொறுக்கிக்கொண்டு போவதைப் பிள்ளைகள் சில சமயம் காண்பார்கள். வருகை எல்லாம் மகரந்தச் சேர்க்கை ஆகாது என்பது அப்போது தானாகப் புரியும். பெண் தச்சுத் தேனீ வம்புக்கு வராது; என்றாலும் பிடித்தால் கொட்டும் என்பதால், ஒரு கைநீளம் தள்ளியே நிற்கச் சொல்லுங்கள். தேனீக்கடி ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறதா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

விடைகளை வரிசையாகச் சொல்லுதல்

பார்த்து முடித்த பிறகே வரலாற்றைத் தொடங்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கதையை நிறுத்தி, அடுத்து என்ன கண்டிருப்பார்கள் என்று பிள்ளைகளை ஊகிக்கவிடுங்கள்.

செண்டுடுக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளில் காணப்படும் இந்த இருவகைத் தாள்களை டார்வின் 1860களின் தொடக்கத்தில் நெடுநாள் ஆராய்ந்தார். 1862ல் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில், இத்தனை உழைத்தும் பொருள் பிடிபடவில்லை என்ற வருத்தம் தெரிகிறது. இங்கே நிறுத்தி, டார்வினுக்கே தெரியவில்லை என்ற செய்தி பிள்ளைகளின் முகத்தில் செய்யும் மாற்றத்தைப் பாருங்கள். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்த ஹெர்மன் முல்லரும் பிரேசிலில் வாழ்ந்த அவருடைய அண்ணன் ஃபிரிட்ஸ் முல்லரும் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். இந்தப் பூவில் தேன் இல்லை. தேனீக்குக் கிடைக்கும் கூலி மகரந்தம் மட்டுமே. ஆனால் அதே மகரந்தம்தான் பூ அடுத்த தலைமுறைக்கு அனுப்ப வேண்டிய சரக்கும். இந்த நெருக்கடியில் வேலை பிரிந்துவிட்டது என்றார்கள்: மஞ்சள் தாள் தீனிக்கு, ஊதாத் தாள் தேனீயின் உடலில் அது எளிதில் துடைத்தெடுக்காத இடத்தில் மகரந்தத்தைப் பூசி அடுத்த பூவின் சூல்முடிக்கு அனுப்புவதற்கு.

நல்ல விளக்கம், ஆனால் சோதிக்கப்படாத விளக்கம். சுமார் 125 ஆண்டுகளுக்குப் பிறகு, 2008ல், சீன ஆய்வாளர்கள் இருவரும் ஜெர்மானியத் தாவரவியலாளர் சூசன் ரென்னரும் நம் செண்டுடுக் இனத்திலேயே பரிசோதனை செய்து அந்த வேலைப்பிரிவினைக்கு ஆதரவான முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலான வகுப்புகள் இந்த இடத்தில் முடிந்துவிடும், முடிக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் கேத்லீன் கேயும் அவருடைய குழுவினரும் கிளார்க்கியா என்ற வேறொரு குடும்பச் செடியை ஆராய்ந்து, 2020ல் ஒரு மாற்று விளக்கத்தை முன்வைத்தார்கள்: இரு வகைத் தாள்களும் வேலையைப் பிரித்துக்கொள்ளவில்லை, மகரந்தம் ஒரே வருகையில் தீர்ந்துவிடாமல், வெவ்வேறு நேரங்களில் சிறிது சிறிதாகப் பல தேனீக்களுக்குக் கிடைக்கும்படி செய்கின்றன. இதனால் முல்லர் சகோதரர்கள் தோற்றார்கள் என்று ஆகிவிடாது. கிளார்க்கியாவின் மகரந்தப்பை துளையால் திறப்பதில்லை, பிளவால் திறக்கிறது. ஆகவே ஒரே தோற்றத்துக்கு வெவ்வேறு செடிகளில் வெவ்வேறு காரணம் இருக்கலாம். பிள்ளைகள் தங்கள் குறிப்புத்தாளில் எழுதிய குறிப்புகள் எந்த விளக்கத்தின் பக்கம் சாய்கின்றன என்று அவர்களே வாதிடட்டும். தேனீ பெரும்பாலும் மஞ்சளைக் கவ்வியிருந்தால் என்ன பொருள்? ஊதாவையும் கவ்வியிருந்தால்?

தொட்டிச் செடியோ தோட்டச் செடியோ உங்கள் பொறுப்பில் இருந்தால், உயர்நிலை மாணவர்களோடு ஒரு படி மேலே போகலாம். காலையில் விரிந்த பூக்களில் சிலவற்றைப் பகடை உருட்டித் தேர்ந்து, நுண்கத்தரியால் மஞ்சள் மகரந்தப்பைகளை மட்டும் நீக்குங்கள். அதே எண்ணிக்கையிலான வேறு பூக்களைக் கத்தரியால் தொட்டுவிட்டு, எதையும் வெட்டாமல் விடுங்கள். கை பட்டதாலேயே தேனீ விலகியதோ என்ற ஐயத்துக்கு இடம் இருக்கக் கூடாது. இரு வகைப் பூக்களுக்கும் வரும் வருகைகளைச் சம நேரம் எண்ணுங்கள். ஒரு காலையில் கிடைக்கும் எண்கள் மிகக் குறைவாக இருக்கும். அவற்றை வைத்து முடிவு சொல்ல மாணவர்கள் துடிப்பார்கள். பல வாரத்து எண்களைச் சேர்த்த பிறகே வரைபடம் போட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாம் பேசும் தமிழைக் கவனித்தல்

பரிணாமம் கற்பிப்பதில் மிகப் பெரிய தடை நம் வாக்கியங்களில்தான் இருக்கிறது என்பதை மெதுவாகத்தான் உணர்ந்தேன். “தேனீயை ஏமாற்றுவதற்காகப் பூ தன் நிறத்தை மாற்றிக்கொண்டது” என்று நான் சொன்ன ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. ‘வதற்காக’ என்ற ஈறு பூவுக்கு ஒரு நோக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. ‘கொண்டது’ என்ற துணைவினை அது தன் விருப்பப்படி செய்தது என்று ஆக்கிவிடுகிறது. பிள்ளைகள் அப்படியே எழுதுவார்கள், பெரியவர்களான பிறகும் அப்படியே நம்புவார்கள். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: “முன்பிருந்த பூக்களில் தாள்கள் சற்று வேறுபட்டிருந்தன, எந்தப் பூவின் மகரந்தம் வீணாகாமல் அடுத்த பூவுக்குப் போனதோ, அதன் விதைகள் மிகுதியாயின, அந்த விதைகளிலிருந்து வந்த செடிகளிலும் அதே பண்பு இருந்தது, இப்படியே பல தலைமுறைகள் கடந்தன.” வாக்கியம் நீளும், நீளட்டும். வேறுபாடு, மரபுவழி வருதல், மிகுதியான சந்ததி என்ற மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று விடுபட்டால் விளக்கம் நிற்காது. பிள்ளைகளின் குறிப்பேட்டைத் திருத்தும்போது நான் பார்ப்பதும் இந்த மூன்றைத்தான். ‘வதற்காக’ என்று வரும் இடங்களில் ஒரு வட்டமிட்டு, இந்த வடிவத்தில் திருப்பி எழுதச் சொல்கிறேன்.

‘பரிணாம வளர்ச்சி’ என்ற தொடரையும் நான் விட்டுவிட்டேன். வளர்ச்சி என்றதும் கீழிருந்து மேலே ஏறும் படிக்கட்டு மனத்தில் வந்துவிடுகிறது. பாசி தாழ்ந்தது, பூச்செடி உயர்ந்தது என்று ஆகிவிடுகிறது. இன்றைக்குச் சுவரில் படர்ந்திருக்கும் பாசியும் செண்டுடுக்கைப் போலவே இத்தனை காலம் பரிணமித்து வந்த உயிர்தான். வெறும் ‘பரிணாமம்’ போதும். ‘படிமலர்ச்சி’ என்று எழுதுவோரும் உண்டு.

வெளியே இன்னும் சில பூக்கள்

இருவகைத் தாள் சுமார் 20 தாவரக் குடும்பங்களில் காணப்படுகிறது. அவற்றில் இரண்டை நம் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்கள். சரக்கொன்றையின் மஞ்சள் பூவில் மூன்று தாள்கள் மட்டும் நீண்டு வளைந்திருக்கும். சிவனுக்கு உரிய பூ என்று கோயிலில் கேள்விப்பட்ட பிள்ளை அதை உற்று எண்ணியிருக்காது. புளோக்கைச் சுற்றியுள்ள புல்லில் நீலமாகப் பூக்கும் கானாம்வாழையிலும் பளிச்சென்ற மஞ்சள் தாள்கள் சிலவும் அடக்கமான நிறமுள்ள நீண்ட தாள்கள் சிலவும் இருக்கும். செண்டுடுக், கொன்றை, கானாம்வாழை மூன்றின் படங்களையும் ஒரு காகிதத்தில் ஒட்டி, அவற்றின் உறவைக் கிளைமரமாக வரையச் சொல்லுங்கள். தாளின் தோற்றத்தை வைத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். அப்போது இலைகளைக் காட்டுங்கள்: கானாம்வாழை புல், வாழை, ஆர்க்கிட் பக்கம் நிற்கும் ஒருவித்திலைத் தாவரம், கொன்றை அவரைக் குடும்பம். கிளைகளைத் திருத்தி வரைந்ததும், இருவகைத் தாள் எங்கெங்கே தனித்தனியாகத் தோன்றியது என்று மரத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

கண்காணிப்புத் தாள்களைத் தூக்கி எறியாமல் ஒரு கோப்பில் தேதி, இடம், வானிலையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த குழு செடியருகே போகும் முன், முந்தைய குழுவின் தாளைப் படித்து, அதில் நிரப்பப்படாமல் விடப்பட்ட கட்டம் ஒன்றைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் கோப்பில் இப்போது அதிகம் காலியாக இருப்பது சூல்முடி தேனீயின் உடலில் எங்கே பட்டது என்ற கட்டம். அதற்காக வரும் சனிக்கிழமை இரண்டு பிள்ளைகள் கைப்பேசியை முக்காலியில் பொருத்தி மெதுவேகக் காணொளி எடுக்கப் போகிறார்கள்.